சிரிப்புக்கு ஒரு பக்கம், எழுத்துக்கு ஒரு பக்கம்

இந்தத் தளத்தில் இரண்டு புதிய பகுதிகளைச் சேர்த்திருக்கிறேன். மேலே உள்ள பட்டியலைப் பார்த்தால் தெரியும், ஒன்று ‘நகைச்சுவை’, இன்னொன்று ‘எழுத்து’. இதுவரை இங்கே இருந்தவை பெரும்பாலும் பினாங்கில் எடுத்த படங்களும் அவ்வப்போது எழுதிய சாப்பாட்டுக் குறிப்புகளும்தான். அவை அப்படியே இருக்கும், யாரும் தேட வேண்டியதில்லை. ஆனால் இனி என் நேரம் அதிகம் போகப் போவது இந்த இரண்டிலும்தான், அதிலும் முதலில் நகைச்சுவையில், அதனால் ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

மலேசியாவில் நம் ஊர்த் தமிழர்கள் பேசும்போது சிரிக்க வைக்கிற அளவுக்கு எழுதும்போது சிரிக்க வைப்பதில்லை. இது என் நெடுநாள் ஆதங்கம். பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போங்கள், இரவு பதினொரு மணிக்குத் தே தாரேக் தேநீரோடு ஒரு மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், உட்காருங்கள், தைப்பூசத்துக்கு முதல் நாள் ராத்திரி தண்ணீர்ப் பந்தலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறவர்களோடு போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். எங்கே போனாலும் ஒரு ஆள் இருப்பார், அவர் வாயைத் திறந்தால் வயிறு வலிக்கிற வரைக்கும் சிரிப்பு ஓயாது. அதே ஆளிடம் ஒரு பேனாவைக் கொடுத்து எழுதுங்கள் அண்ணே என்றால் உடனே முகம் மாறிவிடும், நடை மாறிவிடும், முதல் வரியிலேயே மழை பெய்யும், மூன்றாவது வரியில் யாராவது இறந்துபோவார்கள்.

நம் இலக்கியம் அழுததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ரப்பர்த் தோட்டங்களின் பால் மரக்காட்டில் விடியும் முன்னே எழுந்து போனவர்களின் பிள்ளைகள் நாம். 1942-43-இல் ஜப்பானியர் ஆட்சியில் சயாம் (தாய்லாந்து) மரண ரயில் பாதைக்கு இழுத்துப் போகப்பட்டுத் திரும்பி வராத ஆட்கள் இல்லாத குடும்பம் தோட்டத்தில் அபூர்வம் என்றே பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை எழுதியவர்கள் எழுதாமல் விட்டிருந்தால் நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது, அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அதே லயத்து வீட்டு வாசலில் அதே ஜனங்கள் சாயங்காலம் உட்கார்ந்து துரையின் நடையை நடந்து காட்டியிருக்கிறார்கள், கணக்கெழுதும் கிராணி போடுகிற இங்கிலீஷைப் பேசிக் காட்டியிருக்கிறார்கள், காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது வேலையை மேற்பார்க்கும் தண்டல் என்ன சொல்லித் திட்டினார் என்பதை ஒரு நாடகமாகவே போட்டிருக்கிறார்கள். அந்த வாழ்க்கையைத் தாங்குவதற்கு அவர்களிடம் இருந்தவற்றில் அதுவும் ஒன்று. துயரத்தை எழுதி வைத்தோம், சிரிப்பை வாய்ப் பேச்சாகவே விட்டுவிட்டோம். சொன்ன ஆட்கள் ஒவ்வொருவராகப் போகப் போக அதுவும் கூடவே போகிறது. இப்போது அந்தத் தோட்டங்களே பல இல்லை. பத்து காவானைப் பாருங்கள், ஒரு காலத்தில் தோட்டம், இன்றைக்கு அங்கே தொழிற்சாலைகள், 2014-இல் திறந்த, பினாங்குத் தீவுக்கான இரண்டாவது பாலம் வந்து இறங்குவதும் அங்கேதான்.

வாட்ஸ்அப்பில்தான் எல்லாம் வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது. ஆனால் வருகிறதில் பெரும்பாதி தமிழ்நாட்டிலிருந்து வருவது, வடிவேலு படத்தை ஒட்டி அடியில் ஒரு வரி எழுதியது. வடிவேலு என்றால் எனக்கு உயிர், அதைப் பற்றி வாதமே இல்லை. ஆனால் நம் வாழ்க்கையில் நடக்கிற ஒவ்வொன்றுக்கும் அவருடைய வசனத்தையே கடன் வாங்கிக்கொண்டிருந்தால் நமக்கென்று ஒரு சிரிப்பு உண்டு என்பதையே அடுத்த தலைமுறை அறியாது. இன்னொரு பாதி உறவுக்காரர்கள் அனுப்புகிற குரல் பதிவுகள். அவை தங்கம். ஆனால் கைப்பேசி மாற்றினால் போச்சு, குழுவில் ஏதாவது சண்டை வந்து யாராவது வெளியேறினால் போச்சு, ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது. அதனால்தான் சொந்தமாக ஒரு இடம் வேண்டும் என்று நினைத்தேன். இலவசமாக இணையப் பக்கம் அமைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸில் தமிழர்கள் ஆரம்ப காலத்தில் போட்டு வைத்த பக்கங்கள் எத்தனையோ, 2009-இல் அந்தச் சேவை மூடப்பட்டபோது அவற்றில் எது தப்பித்தது, எது போனது என்று கணக்கெடுக்கக்கூட ஆள் இல்லை. சொந்தத் தளம் என்றால் ஆண்டுக்கு ஒரு தொகை கட்ட வேண்டும், நகல் எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வேலைக்கு அது பெரிய விலை இல்லை.

சரி, என்ன போடப் போகிறேன்? முதல் பதிவாக ஏற்றியிருப்பது எங்கள் பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தாவின் கதை. நாங்கள் எல்லாரும் அவரை ஆ பெக் என்றுதான் கூப்பிடுவோம். ஆ பெக்குக்குத் தமிழ் தெரியும். கடைத்தெருவில் கற்ற தமிழ் இல்லை, என் பாட்டியிடம் கற்ற தமிழ். பாட்டி வேலிக்கு இந்தப் பக்கம் நாளெல்லாம் பேரப்பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவார், ஆ பெக் வேலிக்கு அந்தப் பக்கம் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். என் சித்தி கல்யாணத்தன்று வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கும் பொறுப்பை அவராகவே எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா, பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக உள்ளே வருகிறார். ஆ பெக் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் பாசமாக, “வாடா கண்ணு, பசியாறிட்டியா? அழுவாம சாப்புடணும், என்னா?” என்றார். தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அப்புறம், “சரிங்க” என்றார்.

கதை அங்கே முடிகிறது. எங்கள் வீட்டில் இதை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். பெரியம்மா சொன்னால் ஆ பெக்கின் குரல் அப்படியே வரும், மாமா சொன்னால் தலைமையாசிரியரின் முகம் வரும். கேட்கிற எங்களுக்கு ஆ பெக் யார் என்று ஏற்கெனவே தெரியும், அதனால் நேராகக் கல்யாண வாசலிலிருந்தே ஆரம்பிக்கலாம். எழுதும்போது அப்படி முடியாது. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து படிக்கிறவருக்கு அந்த வேலியும் தெரியாது, பாட்டியும் தெரியாது. ஆகவே தேவையான விவரம் முழுவதையும் முன்னாலேயே வைத்துவிட வேண்டும், அதுவும் சிரிப்பு வரப்போகிறது என்று காட்டிக்கொள்ளாமல், சும்மா ஊர்க்கதை சொல்வதுபோல வைக்க வேண்டும். சிரிப்புக்குப் பின்னால் ஒரு வரிகூடக் கூடாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளைகளிடம் பேசுகிற தமிழ்தான், அதனால்தான் அப்படிச் சொன்னார் என்று விளக்கம் எழுதினால் அந்த இடத்திலேயே கதை செத்துவிடும். நேரில் சொல்கிறவர் ஒரு இடைவெளி விடுவார் அல்லவா, அந்த இடைவெளிக்குத் தாளில் ஒரு வாக்கியம் தேவைப்படுகிறது. தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் நின்றார் என்பது அந்த வாக்கியம். அதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், பாதிச் சிரிப்புப் போய்விடும்.

இப்படி ஒரு வரியை எங்கே வைப்பது, எங்கே நிறுத்துவது என்று யோசிப்பது எனக்கு ஒரு சிறுகதை எழுதுவதைவிடக் கடினமாக இருக்கிறது. நகைச்சுவை என்றால் இளைப்பாறும்போது எழுதுவது, பத்திரிகையில் மூலையில் கட்டம் கட்டிப் போடுவது என்கிற எண்ணம் நம்மிடம் எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டை, அதாவது உணர்ச்சி வெளிப்படும் எட்டு வகையை, சொல்லும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறது, அழுகை அடுத்துதான் வருகிறது. நகை எதிலிருந்து பிறக்கிறது என்றும் நான்கு இடம் காட்டுகிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பள்ளியில் மனப்பாடம் செய்த வரி, அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இந்தப் பகுதிக்காகக் குறிப்புகளை அடுக்கும்போது அது நினைவுக்கு வந்தது. நான் சேர்த்து வைத்திருக்கிற கதைகளில் நிலைத்து நிற்பவை பெரும்பாலும் பின்னால் வருகிற மூன்றில் அடங்குகின்றன, அறியாமல் செய்தவை, பிள்ளைத்தனத்தில் செய்தவை, யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு விடாமல் செய்தவை. ஆ பெக் கதையில் யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் இரண்டு குடும்பமும் சேர்ந்து உட்கார்ந்து அதைச் சொல்லிச் சிரிக்க முடிகிறது.

எள்ளலில் மட்டும் எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கீழே இருக்கிறவர் மேலே இருக்கிறவரை எள்ளினால் போடுவேன். லயத்து வாசலில் துரையை நடித்துக் காட்டியது அந்த வகை, அதில் ஒரு துணிச்சல் இருக்கிறது, வேறு எந்த வழியிலும் பதில் சொல்ல முடியாதவர்கள் சொன்ன பதில் அது. மற்றபடி மனைவியைக் கிண்டல் செய்யும் துணுக்குகள், நிறத்தையும் உடம்பையும் சொல்லிச் சிரிப்பது, தவரணையில் குடித்துவிட்டு விழுந்தவரைக் காட்டிச் சிரிப்பது, சீனரும் மலாய்க்காரரும் தமிழ் பேசினால் அந்த உச்சரிப்பையே நகைச்சுவையாக்குவது, இவை எதுவும் இங்கே வராது. எனக்கு அனுப்பினாலும் போட மாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றி எழுதினால் அவர்களைக் கேட்டுவிட்டுத்தான் போடுவேன், இல்லாதவர்கள் என்றால் பிள்ளைகளைக் கேட்பேன். ஆ பெக்கின் மகளிடம் இந்தக் கதையைப் படித்துக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார், அப்புறம், அப்பா அந்தக் கல்யாணத்துக்காகப் புதுச்சட்டை தைத்துக்கொண்டார், அதையும் எழுது என்றார். எழுதியிருக்கிறேன்.

மொழி பற்றி ஒரு விஷயம் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கதை சொல்கிற நடை எழுத்துத் தமிழ், ஆட்கள் பேசுவது அவர்கள் பேசுகிறபடியே. காடி காடியாகவே இருக்கும், ஒட்டுக்கடை ஒட்டுக்கடையாகவே இருக்கும், தீம்பாரும் பாசார் மாலாமும் சம்மனும் அப்படியே இருக்கும். அடியில் அருஞ்சொற்பொருள் போடப் போவதில்லை. வெளிநாட்டு வாசகர்களுக்குப் புரியுமா என்று ஒரு நண்பர் கவலைப்பட்டார். நாம் சின்ன வயதில் தமிழ்நாட்டு வார இதழ்களைப் படித்தபோது திருநெல்வேலிப் பேச்சும் கோயம்புத்தூர்ப் பேச்சும் யாரும் விளக்காமலேயே புரிந்துகொண்டோமே, அக்ரகாரத்தையும் வாய்க்கால் வரப்பையும் பார்த்ததே இல்லாமல் மனத்துக்குள் கட்டிக்கொண்டோமே. அதே உழைப்பை அவர்களும் நமக்காகக் கொஞ்சம் செய்யலாம், செய்வார்கள் என்றுதான் நம்புகிறேன். தே ஓ கோசோங் என்றால் என்ன என்று தெரியாமல் ஒருவர் இரண்டு பக்கம் படித்தால் மூன்றாவது பக்கத்தில் தெரிந்துவிடும்.

‘எழுத்து’ பகுதிக்கு வருகிறேன். சிறுகதைகள், கட்டுரைகள் எல்லாம் அங்கே. அதில் எனக்கு முக்கியமானது அம்மாவையும் அம்மாவோடு வேலை செய்தவர்களையும் பற்றி எழுத ஆரம்பித்திருக்கும் தொடர். 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வலயம் வந்த பிறகு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன, தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பலருக்குப் பால் மரத்தை விட்டு வெளியே வர முதலில் கிடைத்த வழி அது. 1985-இல் பாலம் திறக்கும்வரை பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து தீவுக்கு வேலைக்கு வர பெர்ரியை விட்டால் வேறு வழியில்லை. பாக்டரி பஸ், பெர்ரி, மறுபடி பஸ். இரவு வேலை முடிந்து காலையில் வீட்டுக்கு வந்து தம்பி தங்கச்சிகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போனவர்கள். சொந்தச் சம்பளம், சொந்தமாக வாங்கிய முதல் கைக்கடிகாரம், கேண்டீனில் மலாய், சீனத் தோழிகளோடு பங்கு போட்டுச் சாப்பிட்டது, வீட்டில் கேட்காமல் முடியை வெட்டிக்கொண்டது, இதையெல்லாம் அவர்கள் இப்போது சொல்லும்போது குரலிலேயே ஒரு பெருமை இருக்கிறது. தோட்டத்தைப் பற்றி நாம் எழுதியதில் பத்தில் ஒரு பங்குகூட இந்தப் பெண்களைப் பற்றி எழுதவில்லை என்பது என் எண்ணம். அவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள், இப்போது கேட்காவிட்டால் எப்போது கேட்பது?

அதே பகுதியில் பழைய எழுத்து கொஞ்சம் சேரும். என் மாமா இளமையில் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளில் கதைகள் எழுதியவர். அந்தக் காலத்தில் நம் ஊரில் ஒருவர் எழுத்தாளர் ஆவதென்றால் ஞாயிறு பதிப்பு வழியாகத்தான், புத்தகம் போடுகிற வசதி எத்தனை பேருக்கு இருந்தது? 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனபோது பலருக்கும் ஒரு நாளிதழ் போன வருத்தம், எங்கள் வீட்டில் மாமா அன்று யாரோடும் அதிகம் பேசவில்லை. அவர் கத்தரித்து வைத்திருந்த தாள்கள் மஞ்சளாகி மடிப்பில் கிழிந்திருக்கின்றன. படம் எடுத்துப் போட்டால் போதாது, தேடினால் கிடைக்க வேண்டும், கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க வர வேண்டும், ஆகவே எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்கிறேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, இந்தச் சொல்லை அச்சில் மாற்றிவிட்டார்கள், நான் எழுதியது வேறு என்று திருத்திக்கொண்டே இருக்கிறார். அவர் சொன்னபடியே போடுகிறேன்.

அவருடைய எழுத்தில் இன்னொரு தொகுதி கணினியில் இருந்தது. தொண்ணூறுகளில் தட்டச்சு செய்த கோப்புகள், யூனிகோடு பரவுவதற்கு முந்தையவை. இன்று திறந்தால் கோடும் புள்ளியுமாக ஏதோ வரும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவும் ஒரு தனி உலகம், அனுப்புகிறவரிடம் இருக்கிற அதே எழுத்துரு பெறுகிறவரிடமும் இருந்தால்தான் படிக்க முடியும். அதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவர டிஸ்கி போன்ற பொதுக் குறிமுறைகள் வந்தன, அப்புறம் யூனிகோடு எல்லாவற்றையும் ஒரே வழிக்குக் கொண்டுவந்தது. இந்த வேலையில் நம் நாட்டுக்கு நல்ல பங்கு உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர், 2001-இல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் கோலாலம்பூரில்தான். மாமாவின் கோப்புகள் குறிமாற்றிகள் வழியாகப் பெரும்பாலும் மீண்டுவிட்டன. கொம்பும் காலும் இடம் மாறிய சில வரிகளைக் கண்ணால் பார்த்துத்தான் சரி செய்ய வேண்டியிருக்கிறது.

தளத்தின் தோற்றத்திலும் இதற்காகச் சில மாற்றங்கள். பதிவுகளின் எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், நகைச்சுவைத் தலைப்புகளுக்கு மட்டும் பாலூ தம்பி என்ற எழுத்துரு, அந்த உருண்டை முகம் எனக்குப் பிடித்திருக்கிறது. வரிகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டியிருக்கிறேன், ஆங்கிலத்துக்கு வைக்கிற இடைவெளியைத் தமிழுக்கு வைத்தால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் முட்டிக்கொள்ளும், கண் சீக்கிரம் களைத்துவிடும். நம் சொற்கள் நீளம், சின்னத் திரையில் ஒரே சொல் வரியைத் தாண்டி வெளியே போய்விடும், அதை மடக்கி விடுகிற அமைப்பையும் சேர்த்தாயிற்று. பழைய கைப்பேசி வைத்திருக்கும் பெரியவர்களுக்காகப் பக்கங்களைக் கனமில்லாமல் வைத்திருக்கிறேன், தானாக ஓடும் படம் எதுவும் இல்லை. புதிய பதிவுகளைத் தானாகக் கொண்டுவந்து தரும் ஆர்எஸ்எஸ் ஓடையில் பதிவு முழுதாகவே வரும்.

அடுத்து நகைச்சுவையில் வரப் போவது தண்ணீர்ப் பந்தல் கதைகள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் பந்தல் போட்டு, ஒருவர் மோர், ஒருவர் பானகம், ஒருவர் தயிர்ச் சாதம் என்று கொடுத்து, போதும் போதும் என்கிறவர் கையிலும் திணித்து அனுப்பும் ஊர் இது. பக்கத்துப் பந்தலை விடத் தங்கள் பந்தலில் கூட்டம் அதிகம் என்று காட்ட ஒரு பந்தல்காரர் என்னவெல்லாம் செய்தார் என்பதை எங்கள் மாமாவின் நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறேன், அதில் பாதியை எழுதியாயிற்று. ‘எழுத்து’ பகுதியில் அம்மாவின் தோழிகள் இருவரோடு பேசியது வரும், ஒருவர் பிறையிலும் மற்றவர் நிபோங் திபாலிலும் இருக்கிறார்கள், இருவரும் ஒரே பஸ்ஸில் போய் வந்தவர்கள். உங்கள் வீட்டிலும் இப்படிக் கதை சொல்கிற ஆள் இருந்தால், குரலில் பதிவு செய்து அனுப்புங்கள், எழுத்தாக்கி உங்களிடம் காட்டிவிட்டு உங்கள் பெயரிலேயே போடுகிறேன். அனுப்ப வேண்டிய முகவரி பக்கத்தின் அடியில் இருக்கிறது.